எத்தனை பிரசவத்தில் மூன்று?

புதிதாகச் செய்தி மேசைக்கு வந்திருக்கும் உங்கள் எட்டுப் பேருக்கும் ஏதாவது சொல்லுங்கள் என்று அழைத்தார்கள். பக்கம் கட்டுவது எப்படி, செய்தியைச் சுருக்குவது எப்படி என்பதையெல்லாம் வேறு ஆட்கள் சொல்லித் தருவார்கள். என்னைவிட நன்றாகவே சொல்வார்கள். நான் ஒரே ஒரு தலைப்பைப் பற்றித்தான் பேசப் போகிறேன். நான் வைத்த தலைப்பு. அதில் எழுத்துப் பிழை கிடையாது. கணக்குப் பிழையும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு அதிர்ச்சியே அதில்தான்.

சேலம் பதிப்பில் முப்பது வருடத்துக்கும் மேல் உதவி ஆசிரியராக இருந்தேன். நான் கணிதம் படித்தவள் என்பதால் சதவீதம் உள்ள செய்தி எது வந்தாலும் என் மேசைக்குத் தள்ளிவிடுவார்கள். வாக்குப்பதிவு, தங்கம் விலை, முட்டை விலை, பள்ளித் தேர்ச்சி, மாவட்டக் கிரிக்கெட் அணியின் வெற்றிக் கணக்கு, எல்லாம். ஒருமுறை இளம்பிள்ளை ஊர்ச் சேலைக் கடை ஒன்று ஐம்பது சதவீதத் தள்ளுபடி, அதற்கு மேல் இன்னும் இருபது என்று அறிவித்தது. எங்கள் மேசையில் ஒருவர் இரண்டையும் கூட்டி எழுபது என்று போட்டுவிட்டார். நான் பிடித்தேன். பாதி விலைக்கு வந்த சேலையில்தான் அந்த இருபது கழியும், ஆகவே மொத்தம் அறுபதுதான் என்று மாற்றினேன். அன்றிலிருந்து எனக்கு ‘கணக்கு டீச்சர்’ என்று பெயர். வெளியே சிரித்துக்கொண்டாலும் உள்ளே எனக்கு அதில் பெருமை. அந்தப் பெருமையைத்தான் இப்போது நினைத்தால் கூசுகிறது.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடத்துக்கு முன்பு நடந்தது. நாமக்கல் பக்கம் ஒரு சிற்றூர். பெயர் வேண்டாம். அங்கே ஓர் அரசு மருத்துவமனை. எங்கள் பகுதிநேர நிருபர் அந்த ஊர்க்காரர், சுறுசுறுப்பானவர். பிற்பகல் மூன்று மணிக்கு அவரிடமிருந்து செய்தி வந்தது. அந்த மருத்துவமனையில் சென்ற ஆண்டு முழுவதும் பிறந்த குழந்தைகளில் ஒன்று இறந்திருக்கிறது. இந்த ஆண்டு இன்னும் முடியவில்லை, அதற்குள் மூன்று இறந்துவிட்டன. பெயர் சொல்ல விரும்பாத ஒருவரின் வருத்தம், பொதுமக்கள் கோரிக்கை, அவ்வளவுதான் செய்தி.

மாவட்டப் பக்கம் ஐந்து மணிக்குப் போக வேண்டும். அன்றைக்குப் பக்கத்துக்குத் தலைச்செய்தியாக, லீடாக வைக்க வேறு எதுவும் இல்லை. ‘மூன்று குழந்தைகள் இறப்பு’ என்று முதலில் தட்டினேன். சப்பென்று இருந்தது. உடனே என் கணக்கு மூளை வேலை செய்தது. ஒன்று மூன்றாகியிருக்கிறது. உயர்வு இரண்டு. ஒன்றுக்கு இரண்டு என்றால் இருநூறு சதவீதம். ‘அரசு மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைகள் இறப்பு 200 சதவீதம் உயர்வு’ என்று வைத்தேன். பக்கம் எழுந்து நின்றுவிட்டது.

பிழை திருத்துபவர் எழுந்து வந்தார். வயதானவர், கண்டிப்பானவர்.

“ஏம்மா, ஒண்ணு மூணாச்சுன்னா மூணு மடங்கு. அப்ப முந்நூறுதானே வரணும்?”

“இல்லீங்க சார். ஆனது மூணு மடங்கு. கூடினது ரெண்டு மடங்கு. ‘உயர்வு’ன்னு போட்டா இருநூறுதான் சரி.”

அவர் ஒரு தாளில் போட்டுப் பார்த்தார். தலையாட்டினார். “நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனார். கால்மணி நேரம் நாங்கள் இருவரும் அந்த எண்ணைப் பற்றியே பேசியிருக்கிறோம். எத்தனை பிரசவத்தில் மூன்று என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நிருபருக்கு ஒரு போன் போட்டிருந்தால் போதும். நிருபருக்கே தெரியாவிட்டால் மருத்துவமனைக்கு ஒரு போன். ஐந்து நிமிட வேலை.

மறுநாள் கடைகளில் தொங்கிய போஸ்டரில் எங்கள் தலைப்புதான். போஸ்டருக்கு இடம் குறைவு என்பதால் அதை இன்னும் சுருக்கியிருந்தார்கள். ஊர்ப் பெயர், ‘குழந்தைகள் சாவு 200 சதவீதம்’. ‘உயர்வு’ கூட இல்லை. நாமக்கல் முழுக்க அன்று பேப்பர் தீர்ந்துவிட்டது என்று ஏஜென்ட் சொன்னார். போஸ்டரைப் போட்டோ எடுத்து யாரோ வாட்ஸ்அப்பில் விட, அது ஊர் ஊராகச் சுற்றியது. என் தம்பி மனைவிக்கே யாரோ அனுப்பி, அவள் எனக்கு அனுப்பினாள். ‘நான் வைத்த தலைப்பு’ என்று பதில் போட்டேன். ஒரு கட்டைவிரல் படத்தோடு.

பத்து நாள் கழித்து, அதே பிற்பகல் நேரம், அதே நிருபரிடமிருந்து இரண்டாவது செய்தி. அந்த மருத்துவமனையில் இன்னொரு குழந்தை இறந்துவிட்டது. செய்தியின் தலையிலேயே அவரே எழுதியிருந்தார்: ‘300 சதவீதம் உயர்வு’. என்னிடம் கற்றுக்கொண்டு கணக்கைச் சரியாகப் போட்டிருந்தார். அனுப்பிய கையோடு போனும் செய்தார்.

“அக்கா, பாத்தீங்களா? அன்னிக்கு மாதிரியே லீடாப் போட்டுருங்க்கா. ஊரே இதத்தான் பேசுது.”

“போடலாம். குழந்தை எப்படி இறந்தது? அதைக் காணோமே.”

“அதுங்க்கா, வண்டியிலயே பொறந்துருச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்தப்ப லேசா மூச்சு இருந்துச்சாம். ஒரு மணி நேரத்துல போயிருச்சு.”

“வர்ற வழியில பிறந்துடுச்சா? வீடு ரொம்பத் தூரமா?”

“இல்லீங்க்கா. அவங்க ஊடு ஆஸ்பத்திரிக்குப் பக்கந்தான். கோழிப்பண்ணையில வேல செய்யறவங்க. வலி வந்ததும் ஆம்னி வண்டி புடிச்சு சேலத்துக்குக் கெளம்பிட்டாங்க. டோல்கேட்டுக்கிட்ட போறப்பவே பொறந்துருச்சு. பெத்த பொண்ணுக்கு ரத்தம் நிக்கல. டிரைவர் பயந்துபோய் வண்டியத் திருப்பிட்டாரு. இங்க இருக்கற டாக்டரம்மாதான் உசுரக் காப்பாத்துனாங்க.”

“பக்கத்துலயே ஆஸ்பத்திரி இருக்கறப்ப எதுக்குச் சேலம்?”

அவர் மெதுவாகச் சொன்னார்.

“நம்ம பேப்பரப் பாத்துட்டுத்தானுங்க்கா.”

என் கை விசைப்பலகை மேல் இருந்தது. அதை எடுக்கத் தோன்றவில்லை. ‘300’ என்ற எண் திரையில் நின்றது. யாரோ டீ வேண்டுமா என்று கேட்டது காதில் விழுந்தது. பதில் சொன்னேனா என்று நினைவில்லை. நான் போட்ட எண்ணைப் பார்த்துப் பயந்து ஒரு பெண் ஓடியிருக்கிறாள். ஓடியதில் அவள் குழந்தை போயிருக்கிறது. அந்தக் குழந்தையே இப்போது அடுத்த எண்ணாக என் மேசைக்கு வந்திருக்கிறது, இன்னும் பெரிதாக.

மணி நாலே கால். மருத்துவமனை எண்ணைத் தேடி அழைத்தேன். நான்கு முறை அடித்து நின்றது. ஐந்தாவது முறை பிரசவ வார்டு நர்ஸ் ஒருவர் எடுத்தார். பத்திரிகை பெயரைச் சொன்னதும் அவர் குரல் மாறிவிட்டது.

“இன்னும் என்னங்க வேணும் உங்களுக்கு? நாலஞ்சு நாளா வார்டு காலியாக் கெடக்குது. மாசமா இருக்கறவங்க செக்கப்புக்குக் கூட வர மாட்டீங்கறாங்க. அந்தப் புள்ள எட்டு மாசம் எங்ககிட்டத்தான் வந்துச்சு. பயப்படாத சாமி, எல்லாம் நல்லா இருக்குன்னு நானே சொல்லி அனுப்புனனுங்க. எங்க கேட்டு முன்னாடியே வண்டி போயிருக்குதுங்க, சேலத்துக்கு!”

நான் அவரை நிறுத்தவில்லை. மூச்சு வாங்க அவர் நின்றபோது கேட்டேன்.

“சிஸ்டர், போன வருஷம் உங்க ஆஸ்பத்திரியில எத்தனை பிரசவம்?”

“என்னங்க?”

“ஒரு குழந்தை இறந்ததில்ல, போன வருஷம். அது எத்தனை பிரசவத்துல?”

ரிஜிஸ்டர் புரளும் சத்தம் கேட்டது. “அறுபது. அப்ப இங்க ஆபரேஷன் தியேட்டர் இல்லீங்க. ராத்தங்கற டாக்டரும் இல்ல. கொஞ்சம் சிக்கல்னாலே நாமக்கல்லுக்கு அனுப்பிருவோம்.”

“இந்த வருஷம், அந்த மூணு?”

“தியேட்டர் வந்துச்சு, டாக்டரம்மா வந்தாங்க. சுத்துப்பட்டு ஊரெல்லாம் இங்கதானே வந்தாங்க. உங்க நியூஸ் வந்த அன்னிக்கு நானூத்தி எம்பதாவது பிரசவமுங்க.” அவர் நிறுத்தினார். “இத அன்னிக்கே கேட்டிருக்கலாமுங்களே.”

அறுபதில் ஒன்று. அது நானூற்று எண்பதில் மூன்றாக, அதாவது நூற்று அறுபதில் ஒன்றாகக் குறைந்திருந்தது. அந்த மருத்துவமனை முன்னைவிட எவ்வளவோ நல்ல இடமாகியிருந்தது. சிக்கலான பிரசவங்களையும் திருப்பி அனுப்பாமல் பார்த்துக்கொண்டு அவர்கள் அதைச் சாதித்திருந்தார்கள். வருபவர்கள் எட்டு மடங்கானதால்தான் ஒன்று மூன்றானது. நான் அந்த மூன்றை மட்டும் பிடுங்கி எடுத்து, ‘200’ என்று எழுதி, கடை வாசல்களில் தொங்கவிட்டிருந்தேன்.

செய்தி ஆசிரியர் வந்தார். “நாமக்கல் லீடு ரெடியா? அந்த முந்நூறு சதவீதம்தானே?”

“அதைப் போடக் கூடாது சார்.”

நடந்ததைச் சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். கெட்டவர் இல்லை. அவர் முகமும் வெளுத்துத்தான் போனது. ஆனாலும் நாற்பது நிமிடத்தில் பக்கம் போயாக வேண்டும்.

“குழந்தை இறந்தது உண்மைதானே? அதைப் போடாம மறைக்க முடியுமா?”

“மறைக்க வேண்டாம். எங்கே பிறந்தது, ஏன் அங்கே பிறந்ததுன்னு சேர்த்துப் போடுவோம். அறுபது, நானூத்தி எண்பது ரெண்டையும் தலைப்பிலேயே போடுவோம். அன்னிக்கு வந்த அதே இடம், அதே எழுத்து அளவு.”

“அப்படிப் போட்டா நாம தப்பு பண்ணினோம்னு ஆயிடும்.”

“பண்ணினோம் சார். நான் பண்ணினேன்.”

இப்படிப்பட்ட நேரத்தில் யாரும் மேசையைத் தட்டி வசனம் பேசுவதில்லை. எங்கள் நிறுவனத்தின் பெயர், போட்டிப் பத்திரிகை என்ன சொல்லும், சட்டப் பிரிவிடம் கேட்க வேண்டுமா என்று அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். கடைசியில் பாதிதான் கிடைத்தது. லீடு இல்லை, பக்கத்தின் அடியில் நான்கு பத்தி. முந்நூறு சதவீதம் வராது. என் கணக்கும் நர்ஸ் சொன்ன கணக்கும் வரும். ‘முந்தைய செய்தியில் இந்த விவரம் இடம்பெறவில்லை’ என்று ஒரு வரி. வருந்துகிறோம் என்று ஒரு சொல் சேர்க்கக் கேட்டேன். சேர்த்தார்.

அது வந்தது. ஆனால் அதற்குப் போஸ்டர் கிடையாது. யாரும் அதை வாட்ஸ்அப்பில் அனுப்பவும் இல்லை. பழைய போஸ்டர் படம் மட்டும் அதற்குப் பிறகும் இரண்டு மாதம் சுற்றிக்கொண்டே இருந்தது.

நீங்கள் மருத்துவமனைச் செய்தி எழுதாமல் போகலாம். விளையாட்டுப் பக்கம் பார்ப்பீர்கள், வணிகப் பக்கம் பார்ப்பீர்கள். இரண்டு ஆட்டம் ஆடி இரண்டிலும் ஜெயித்த பையனுக்கு நூறு சதவீத வெற்றி என்று எழுதுவீர்கள். அதனால் யாரும் சாக மாட்டார்கள். ஆனால் கை பழகிவிடும். எனக்குப் பழகியதைப் போல. சின்ன எண்ணைச் சதவீதமாக மாற்றினால் அது பெரிதாகத் தெரியும் என்று கைக்குத் தெரிந்துவிட்டால், மூளையைக் கேட்காமலே அது மாற்றும். எனவே சதவீதம் எழுதும் ஒவ்வொரு முறையும் ‘எத்தனையில்?’ என்று யாரையாவது கேட்டுவிடுங்கள். பதில் கிடைக்காவிட்டால் சதவீதத்தை எடுத்துவிட்டு எண்ணை எழுதுங்கள். தலைப்பு சப்பென்று இருந்தால் இருக்கட்டும்.

இதை நான் என் மேசையில் உட்கார்ந்தே கற்றுக்கொண்டிருந்தால் பாதிதான் கற்றிருப்பேன். மீதியைக் கற்றது அந்தப் பெண்ணின் வீட்டில்.

அடுத்த வாரம் விடுப்புப் போட்டுப் போனேன். நிருபர் வழி காட்டிவிட்டு வெளியே நின்றுகொண்டார். கோழிப்பண்ணைக்குப் பின்னால் வரிசையாகத் தகரக் கூரை வீடுகள். அந்தப் பெண்ணின் பெயரைப் பூங்கொடி என்று வைத்துக்கொள்வோம், கணவன் செல்வராஜ். அவர் பண்ணையில் முட்டை லாரிக்கு லோடு ஏற்றுபவர். பூங்கொடி கட்டிலில் சுவரைப் பார்த்துச் சாய்ந்திருந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும்.

நான் யார் என்பதைச் சொன்னேன். அந்தத் தலைப்பை வைத்தது நான்தான் என்பதையும் சொன்னேன். அவர் கத்துவார், வெளியே போகச் சொல்வார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். அதற்குத் தயாராகவும் இருந்தேன். செல்வராஜ் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

“உக்காருங்க. நீங்க உள்ளதத்தானுங்களே போட்டீங்க.”

“அதை நீங்க எப்படிப் புரிஞ்சுக்கிட்டீங்க?”

“எரநூறு சதவீதம்னு போட்டிருந்துச்சுங்க. நூறுன்னாலே முழுசு. பத்தாவதுல நூறு சதவீதம் பாஸுன்னா எல்லாரும் பாஸுன்னு அர்த்தமுங்களே. அப்ப எரநூறுன்னா?” அவர் கையை விரித்தார். “அங்க போனா ஒரு கொழந்தகூடத் தங்காது, தாயும் சேந்து போயிருமாட்ட இருக்குதுன்னு நெனச்சமுங்க. பண்ணையில எல்லாருமே அப்பிடித்தான் சொன்னாங்க. நான் வண்டிக்காரர்கிட்ட, அந்த ஆஸ்பத்திரி முன்னாடி நிக்காதீங்க, நேரா வுடுங்கன்னு சொன்னனுங்க.”

இருநூறா முந்நூறா என்று பிழை திருத்துபவரோடு வாதாடிய கால்மணி நேரம் நினைவுக்கு வந்தது. நான் எந்த உலகத்தில் உட்கார்ந்து அந்தச் சொல்லைத் தட்டினேன்? போஸ்டரைப் படித்த ஆயிரக்கணக்கான பேரில் எத்தனை பேர் இப்படிப் படித்திருப்பார்கள்?

அவருக்கு விளக்க வேண்டும் என்று தோன்றியது. விளக்கி என்ன ஆகப் போகிறது என்றும் தோன்றியது. ஆனாலும் சொன்னேன். போன வருடம் அறுபது பிரசவத்தில் ஒன்று, இந்த வருடம் நானூற்று எண்பதில் மூன்று.

செல்வராஜ் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

“அட்டைக்கு முப்பது முட்டைங்க. அறுபதுன்னா ரெண்டு அட்ட. நானூத்தி எம்பதுன்னா பதினாறு அட்ட. ரெண்டு அட்டைல ஒண்ணு ஒடையறதுக்கும் பதினாறு அட்டைல மூணு ஒடையறதுக்கும்…” என்று ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்தினார். தான் எதை எதோடு ஒப்பிட்டுவிட்டோம் என்று உறைத்திருக்க வேண்டும். கையால் வாயை மூடிக்கொண்டார். அந்தக் கைக்குப் பின்னாலிருந்து சொன்னார்: “அப்ப அது நல்ல ஆஸ்பத்திரிங்களே.”

கணிதம் படித்த எனக்கு ஒரு நர்ஸைக் கேட்ட பிறகுதான் தெரிந்தது, அவருக்கு மூச்சு விடும் நேரத்தில் தெரிந்துவிட்டது. எண்களை எண்களாகக் கொடுத்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

பூங்கொடி அப்போதுதான் திரும்பினாள்.

“மூணே மூணுங்களா?” என்றாள்.

“ஆமாம்மா. மூணு.”

“நான் நூத்துக்கணக்குலன்னு நெனச்சேன்” என்றாள். பிறகு அவள் அழுத அழுகையை நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

கிளம்பும்போது செல்வராஜ் ரோடு வரை கூட வந்தார். ஏதோ கேட்கத் தயங்குவது தெரிந்தது. நின்றேன்.

“எங்க பாப்பாவையும் அந்த ஆஸ்பத்திரிக் கணக்குலதான் சேத்திருக்காங்களாங்க?”

“ஆமாங்க. உயிர் போனது அங்கேங்கறதால.”

“ரோட்டுல பொறந்ததுங்களே அது. அவங்க என்ன பண்ணுவாங்க? டாக்டரம்மா அவ உசுரக் காப்பாத்திக் குடுத்தாங்க. நாலுன்னு எழுதுனா, அதப் பாத்துட்டு இன்னொருத்தி இதே மாதிரி வண்டி ஏறிப் போவா.” என் முகத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தே சொன்னார். “எங்க பாப்பாவ அதுல சேக்க வேண்டாம்னு சொல்லுங்க. உங்களுக்குத் தெரிஞ்சவங்க இருப்பாங்கள்ல.”

சொல்கிறேன் என்றேன். அன்று மாலையே நர்ஸிடம் சொன்னேன். பிறகு மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குப் போய், விஷயத்தை விளக்கி எழுதியும் கொடுத்தேன். அங்கிருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டார். எந்த இடத்தில் இறப்பு உறுதி செய்யப்படுகிறதோ அந்த இடத்தில்தான் பதிவாகும், மாற்ற விதி இல்லை என்றார். அவர் சொன்னதிலும் தவறு இல்லை.

செல்வராஜுக்குப் போன் செய்து அதைச் சொன்னேன். “சரிங்க” என்றார். அந்த ஆண்டுப் பட்டியலில் அது நான்கு என்றுதான் இருக்கிறது.